யார் கையால் முழுக்கு? 1385-இல் யோகைலாவின் முன் இருந்த நான்கு வழிகள்

1385-ஆம் ஆண்டில் முன்னோர் தெய்வங்களையே கும்பிட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளும்படியான நாடும் வைத்திருந்த ஆட்சியாளர் ஐரோப்பாவில் ஒருவர்தான் மிச்சம். லிதுவேனியாவின் யோகைலா. அவருடைய தலைநகர் வில்னியஸில் அணையா நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. கிழக்கே மாஸ்கோ, மேற்கே டியூட்டானிக் சபை, தென்மேற்கே போலந்து என்று மூன்று பக்கமும் ஞானஸ்நானத் தண்ணீரோடு ஆள் நின்றது. நான்காவது வழியும் உண்டு. யாரிடமும் வாங்காமல் இருந்துவிடலாம்.

இதை வெறும் சமயக் கேள்வியாக எடுத்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது. பால்டிக் கரையில் அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளைப் பார்த்தால், எந்தச் சாமி என்பதைவிடத் தண்ணீர் ஊற்றுகிற கை யாருடையது என்பதுதான் ஒரு ஜனத்தின் தலையெழுத்தை எழுதியிருக்கிறது. ஒரே ரோமாபுரித் திருச்சபை, ஒரே ஜெபம், ஒரே எண்ணெய். ஆனால் ஒருவருக்கு அரியணை கிடைத்தது, இன்னொருவருடைய மொழியே இல்லாமல் போனது.

ஆகவே நான்கு வழிகளையும் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். நிலம் யாரிடம் மிஞ்சும்? படையெடுப்பு நிற்குமா? சொந்தக் குடிகள் ஒத்துக்கொள்வார்களா? பாதியில் மனம் மாறினால் திரும்ப வழி உண்டா?

சபையின் கையால்

மிக அருகில் இருந்த வழி இதுதான், முன்மாதிரிகளும் இதற்குத்தான் அதிகம். டியூட்டானிக் சபை என்பது துறவிகளின் உறுதிமொழி எடுத்த போர்வீரர்களின் அமைப்பு. பிரஷியாவில் 1230 முதலும், வாள் சகோதரர்கள் என்ற பழைய போர்த்துறவிகள் அமைப்பு 1236-இல் சவுலே போரில் சிதைந்தபின் லிவோனியாவில் (இன்றைய லாட்வியா, எஸ்தோனியா) 1237 முதலும் அதன் ஆட்சி. லிதுவேனியா இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாடு.

கதை சபைக்கும் முன்னால், டௌகவா ஆற்றங்கரையில் தொடங்குகிறது. 1180-களில் செகெபெர்க் மடத்திலிருந்து மெய்ன்ஹார்ட் என்ற வயதான துறவி ஜெர்மானிய வணிகர்களோடு அந்தக் கரையில் வாழ்ந்த லிவ் மக்களிடம் வந்தார். அவர் சொன்னது ஒரு பேரம். முழுக்கு, அதாவது ஞானஸ்நானம், வாங்கிக்கொண்டால், எதிரிகளிடமிருந்து காக்கக் கல் கோட்டை கட்டித் தருகிறேன் என்றார். காட்லாந்து தீவிலிருந்து கொத்தனார்களைக் கூட்டி வந்து கட்டியும் கொடுத்தார். கோட்டை எழும்பியதும் லிவ் மக்கள் பழைய வழிக்கே திரும்பிவிட்டார்கள். ஆற்றில் இறங்கிக் குளித்து, வாங்கிய ஞானஸ்நானத்தைக் கழுவி, ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக நினைத்தார்கள். இதை எழுதிவைத்தவர் லிவோனியாவின் ஹென்றி என்ற பாதிரியார், எரிச்சலோடுதான் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. தண்ணீரில் வந்தது தண்ணீரில் போகும் என்று நினைத்ததில் என்ன தப்பு?

திரும்பிப் போகும் வழி அப்போது திறந்திருந்தது. கொஞ்ச நாளில் அடைபட்டது. அடுத்த பிஷப் பெர்த்தோல்ட் படையோடு வந்து 1198-இல் போரிலேயே செத்தார். அதற்கடுத்த ஆல்பர்ட் 1201-இல் ரீகா நகரத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே வாள் சகோதரர்கள் அமைப்பு பிறந்தது. அதன்பின் முழுக்கைக் கழுவுகிறவன் வெறும் பழைய சமயத்தான் இல்லை, சத்தியம் மீறிய துரோகி. அவனைத் தண்டிக்கும் சாக்கில் நிலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஞானஸ்நானம் ஒருவழிப் பாதையானது இப்படித்தான்.

கவுபோ என்ற லிவ் தலைவரை யோகைலா கேள்விப்பட்டாரோ என்னவோ, நாம் பார்க்க வேண்டிய ஆள். மனதார மதம் மாறியவர். 1203-இல் ரோமாபுரிக்கே கூட்டிச் செல்லப்பட்டார். போப் மூன்றாம் இன்னொசென்ட் அவரிடம் பேசி, நூறு பொற்காசு கொடுத்து அனுப்பினார். ஊர் திரும்பினால் சொந்த ஜனம் அவரை ஏற்கவில்லை. 1206-இல் ரீகா படையோடு வந்து, துரைதாவில் இருந்த தன்னுடைய கோட்டையையே தாக்கி எரிக்கும் நிலைமை வந்தது. 1217-இல் எஸ்தோனியர்களுக்கு எதிரான போரில், ரீகாவுக்காகவே உயிரை விட்டார். சொத்தை லிவோனியாவின் தேவாலயங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர் கோட்டை நின்ற துரைதாவில் அதற்குள் பிஷப்பின் செங்கல் கோட்டை எழும்பியிருந்தது. விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை, கையில் ஒன்றும் மிஞ்சவும் இல்லை.

பிரஷியாவில், அங்கே வாழ்ந்த பால்டிக் மொழி பேசும் பிரஷியர்களுக்கு, இன்னும் மோசம். முதல் எழுச்சிக்குப் பின் 1249-இல் கிறிஸ்ட்புர்க் என்ற இடத்தில் போப்பின் தூதர் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் ஆனது. படித்துப் பார்த்தால் தாராளமாகத்தான் இருக்கிறது. மதம் மாறிய பிரஷியர்கள் சொத்து வாங்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம், பாதிரியாராகலாம், வீரப் பட்டம்கூட வாங்கலாம். பதிலுக்குப் பிணத்தை எரிக்கக் கூடாது, பல தாரம் கூடாது, பழைய தெய்வம் குர்கோவுக்குப் படையல் கூடாது. ஒரே ஒரு நிபந்தனை: விசுவாசத்திலிருந்து விலகினால் உரிமை எல்லாம் போகும். விலகினார்களா இல்லையா என்று முடிவு செய்வது யார்? அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் பிரஷியர்களுக்குச் சாதகமான பதில் இல்லை.

1260-இல் டுர்பே போரில் மேற்கு லிதுவேனியாவின் ஜெமைத்தியர்கள் சபையின் படையை நொறுக்கியதும் பிரஷியா முழுக்கக் கலகம் கிளம்பியது. அதன் தலைவர்களில் ஒருவரான ஹெர்குஸ் மாந்தாஸ் சிறுவனாகப் பிணையாகப் பிடிக்கப்பட்டு மாக்டபுர்கில் வளர்ந்தவர். எதிரியின் போர்முறை அத்துபடி. பதினான்கு வருடம் கலகம் நீடித்தது. கடைசியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். கிறிஸ்ட்புர்க் உரிமைகள் ஒட்டுமொத்த ஜனத்துக்கு என்ற நிலை போய், சபைக்கு நல்லவனாக நடந்துகொண்ட ஆளுக்குத் தனித்தனியாக என்று ஆனது.

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும், ஏனென்றால் வாளைவிட ஏர் செய்த வேலை பெரிது. பிரஷியாவுக்கு ஜெர்மன் நாடுகளிலிருந்து தரைவழி உண்டு. மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு குடியானவர்கள் வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக் கூட்டிவர ஓர் ஆள் இருப்பார். காட்டை அளந்து ஊர் அமைத்து, அந்த ஊருக்கு அவரே தலைவராவார். ஆரம்ப வருடங்களுக்கு வரி இல்லை, பிறகு இவ்வளவு என்று எழுத்தில் இருக்கும். 1233-இல் வந்த குல்ம் சாசனம் நகரங்களுக்குச் சட்டம் கொடுத்தது. குடியேறியவனுக்கு நல்ல கிரயம். பக்கத்து ஊர்ப் பிரஷியனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. லிவோனியாவுக்கோ கடல்வழிதான் சௌகரியம், நடுவில் லிதுவேனியா. வணிகனும் வீரனும் பாதிரியாரும் கப்பலேறினார்கள், குடியானவன் ஏறவில்லை. அதனால்தான் லாட்விய மொழியும் எஸ்தோனிய மொழியும் இன்றும் பேசப்படுகின்றன. பிரஷிய மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அடங்கிவிட்டது. பெயரை மட்டும் வென்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, இதெல்லாம் சின்னக் குலங்கள், லிதுவேனியா பெரிய நாடு என்று சொல்லலாம். அதற்கும் ஒரு முன்மாதிரி இருந்தது. 1251-இல் லிதுவேனியாவை ஆண்ட மிண்டாகஸ் லிவோனியச் சபையின் கையால் முழுக்கு வாங்கினார். காரணம் அரசியல்: போட்டியாளரான அண்ணன் மகன் தௌத்விலாஸ் முந்திக்கொண்டு ரீகாவில் முழுக்கு வாங்கிப் படை திரட்டியிருந்தான். 1253-இல் மிண்டாகஸுக்குப் போப்பின் பெயரால் மகுடம் சூட்டினார்கள். லிதுவேனியாவின் ஒரே முடிசூடிய அரசர் அவர்தான். அதற்கு விலையாக ஜெமைத்தியாவில் பெரிய பகுதிகளைச் சபைக்கு எழுதிக் கொடுத்தார். அவர் எழுதிக் கொடுத்ததைச் ஜெமைத்தியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டுர்பேக்குப் பின் அவர் சபையோடு உறவை முறித்துக்கொண்டார். 1263-இல் இரண்டு மகன்களோடு கொல்லப்பட்டார்.

யோகைலாவும் இந்த வழியை ஒருமுறை முகர்ந்து பார்த்தவர்தான். 1382-இல், பெரியப்பாவோ சித்தப்பாவோ யாராயிருந்தாலும் விடாத அந்தக் குடும்பச் சண்டையில், சித்தப்பா கெஸ்துதிஸ் க்ரேவா கோட்டைச் சிறையில் செத்துக் கிடந்த மூன்று மாதத்துக்குள், துபீசா ஆற்றங்கரையில் சபையோடு ஒப்பந்தம் செய்தார். நான்கு வருடத்துக்குள் மதம் மாறுவேன், துபீசா வரை ஜெமைத்தியா உங்களுக்கு. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்பதுபோல, எல்லோரும் ஜெமைத்தியாவைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தத்தை உறுதிசெய்யாமலே இழுத்தடித்தார். அடுத்த ஆண்டு சபை போர் அறிவித்தது.

இந்த வழிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம். தண்ணீர் ஊற்றுகிற கைக்கே நிலமும் வேண்டும் என்றால், ஊற்றி முடித்ததும் அந்தக் கை போகாது.

மாஸ்கோவின் கையால்

காகிதத்தில் பார்த்தால் இதுதான் இயல்பான தேர்வு. அன்றைய லிதுவேனியப் பெருநாட்டின் குடிகளில் பெரும்பாலோர் ருத்தேனியர்கள் (கிழக்கு ஸ்லாவியர்), கீழைத் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அரசு எழுத்துவேலைகூட அவர்கள் மொழியில்தான் நடந்தது. யோகைலாவின் அம்மா உலியானா, த்வெர் இளவரசி, பக்திமிக்க கீழைக் கிறித்தவர். மாஸ்கோ இளவரசர் திமித்ரி தொன்ஸ்கோயின் மகளை யோகைலாவுக்குக் கட்டிவைக்க அம்மாவே பேச்சு நடத்தினார். மூன்றாவது கேள்விக்கு, அதாவது குடிகள் ஒத்துக்கொள்வார்களா என்பதற்கு, இதைவிட நல்ல பதில் வேறெந்த வழியிலும் கிடையாது.

இடறியது இரண்டாவது கேள்வியில். ரோமாபுரியின் கணக்கில் கீழைத் திருச்சபையார் பிரிந்துபோனவர்கள். சபை 1242-இல் பெய்பஸ் ஏரியில் மோதியதே நோவ்கொரோத் கிறித்தவர்களோடுதான். யோகைலா கீழை முழுக்கு வாங்கினாலும் அடுத்த குளிர்காலத்தில் படை வரத்தான் செய்யும். தடுக்க மாஸ்கோவால் முடியுமா? 1380-இல் குலிகோவோவில் தாத்தாரியரை வென்ற திமித்ரியின் நகரத்தை 1382-இல் தொக்தமிஷ் கான் எரித்துவிட்டுப் போயிருந்தார். திமித்ரி மறுபடியும் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார். தன் வீட்டுக் கூரையே எரிந்து கிடக்கிறவர் மருமகனுக்கு என்ன நிழல் தருவார்?

இன்னொரு சங்கடமும் உண்டு. யோகைலாவின் தந்தை அல்கிர்தாஸின் முதல் தாரத்துப் பிள்ளைகள் அந்திரேயும் திமித்ரியும் ஏற்கெனவே கீழைக் கிறித்தவர்கள்; குலிகோவோவில் மாஸ்கோ பக்கம் நின்று போரிட்டவர்கள். யோகைலாவோ அந்தப் போரில் எதிர்ப்பக்கத் தாத்தாரியத் தளபதி மாமாய் என்பவரின் கூட்டாளி. போர் முடியும்வரை போய்ச் சேரவில்லை என்பது வேறு விஷயம். மாஸ்கோ வழியில் போனால் அண்ணன்மார் வரிசையில் அவர் கடைசியாகத்தான் நிற்க வேண்டும்.

தனி மனிதனாகத் தப்பிக்க இந்த வழி நல்ல வழி. மிண்டாகஸைக் கொன்றவர்களில் ஒருவரான தௌமாந்தாஸ் பின்னர் பிஸ்கோவுக்கு ஓடி, கீழை முழுக்கு வாங்கி, அந்த நகரத்துக்கே இளவரசராகி 1299-இல் சாகும்வரை மரியாதையோடு வாழ்ந்தார். ஆனால் நாட்டைக் கூட எடுத்துப் போக முடியாது.

யார் கையாலும் வேண்டாம்

பழைய சமயத்திலேயே இருந்துவிடுவது முட்டாள்தனமாகத் தோன்றலாம். நூறு வருடமாக அது வேலை செய்த உத்தி. இரண்டு திருச்சபைகளுக்கும் நடுவில் நின்றதால் இரண்டு பக்கமும் பேரம் பேச முடிந்தது. சபையோடு சண்டையிட்ட ரீகா நகரத்தாரே 1298 முதல் லிதுவேனியப் படையைத் தங்கள் ஊருக்குள் காவலுக்கு வைத்திருந்தார்கள். கிறித்தவ நகரத்தைக் கிறித்தவ வீரர்களிடமிருந்து காக்க, நெருப்பைக் கும்பிடுகிற படை!

இந்த ஆட்டத்தில் யோகைலாவின் தாத்தா கெடிமினாஸுக்கு நிகர் யாரும் இல்லை, இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆளும் அவர்தான். 1323-இல் ஜெர்மன் நகரங்களுக்குக் கடிதம் எழுதினார்: வணிகர் வாருங்கள், கைவினைஞர் வாருங்கள், உழவர் வாருங்கள், வரிச் சலுகை உண்டு. துறவிகளுக்கும் அழைப்பு. போப்புக்குப் போன கடிதத்தில் மதம் மாறும் ஆசை தெரியும்படி எழுதியிருந்தது. சபையின் குடியேற்ற முறையைச் சபைக்குக் கீழ்ப்படியாமலே செய்துபார்த்த ஆள் என்று சொல்லலாம். 1324-இல் போப்பின் தூதர்கள் ரீகாவுக்கு வந்து, அவர்களுடைய ஆட்கள் வில்னியஸ் போனபோது அவர் மாற்றிப் பேசினார். முழுக்கு வேண்டும் என்று எழுதச் சொன்னதே இல்லை என்றார். கிறித்தவர்கள் அவர்கள் வழியில், ருத்தேனியர் அவர்கள் முறையில், போலந்தார் அவர்கள் முறையில், நாங்கள் எங்கள் முறையில் கும்பிடுகிறோம், எல்லோருக்கும் கடவுள் ஒருவரே என்றும் சொன்னதாக அந்தத் தூதர்களின் அறிக்கையிலேயே இருக்கிறது. அந்தப் பேச்சுவார்த்தையால் நான்கு வருடச் சமாதானம் கிடைத்தது. முழுக்கு வாங்கவில்லை, வாங்குவதாக ஒரு நம்பிக்கையை மட்டும் விற்றார்.

1358-இல் அவர் மகன் அல்கிர்தாஸ் பேரரசர் நான்காம் சார்லஸிடம் இன்னும் துணிந்து கேட்டார்: பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், சபையைக் கிளப்பித் தாத்தாரியர் எல்லைப் புல்வெளிக்கு அனுப்புங்கள், பிறகு முழுக்கு. புறச்சமயத்தாரோடு போரிடத்தானே சபை, அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்ற தர்க்கம். பேச்சு முறிந்தது. ஆனால் சபைக்கு ஆத்துமா வேண்டுமா, நிலம் வேண்டுமா என்பது அந்த ஒரு கோரிக்கையில் வெளிச்சமானது.

1385-இல் இந்த உத்தி தேய்ந்துவிட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை, சதுப்பு நிலம் உறையும் குளிர்காலத்திலும் காய்ந்திருக்கும் கோடையின் கடைசியிலும், சபையின் படை வந்தது. மேற்கு ஐரோப்பாவின் பிரபுக்கள் வீரப் புகழ் தேடிச் சுற்றுலாபோல வந்து சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்குள்ளோ, கெஸ்துதிஸின் மகன் வீதௌதாஸ் 1383-இல் சபையிடம் ஓடி அங்கேயே முழுக்கும் வாங்கியாயிற்று. (வீதௌதாஸ் பிறகு கீழைத் திருச்சபையில் ஒருமுறை, மறுபடி கத்தோலிக்கராக ஒருமுறை என்று மூன்று தடவை முழுக்கு வாங்கினார். தண்ணீருக்குப் பயந்தவர் இல்லை.) முழுக்கு வாங்காதவன் என்ற ஒரே காரணத்தை வைத்து, எந்தப் பங்காளியும் வெளியிலிருந்து படை கொண்டுவரலாம் என்ற நிலை.

போலந்தின் கையால்

போலந்தின் தலைநகர் க்ராகோவில் யாத்விகா 1384-இல் 'அரசர்' என்றே முடிசூட்டப்பட்டிருந்தாள், வயது பத்தோ பதினொன்றோ. ஆஸ்திரியாவின் வில்லியமுக்குக் குழந்தையிலேயே பேசி முடித்திருந்தார்கள். போலந்துப் பிரபுக்களுக்கு ஜெர்மானிய மாப்பிள்ளை வேண்டாம். சபையை எதிர்க்கக் கிழக்கே ஒரு பெரிய கூட்டாளி வேண்டும். 1385 ஆகஸ்ட் 14 அன்று க்ரேவாவில் யோகைலா, யாத்விகாவைக் கைப்பிடிக்க, உறுதி எழுதிக் கொடுத்தார். தானும் தம்பிமாரும் பிரபுக்களும் கத்தோலிக்க முழுக்கு வாங்குவது, வில்லியமுக்கு 2,00,000 ஃப்ளோரின் ஈடு கொடுப்பது, போலந்துக் கைதிகளை விடுவிப்பது, தன் நிலங்களைப் போலந்து மகுடத்தோடு 'அப்ளிக்காரே' செய்வது. இந்தக் கடைசி லத்தீன் சொல்லுக்குச் சேர்ப்பதா, இணைப்பதா, சும்மா ஒட்டுவதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அந்தத் தெளிவின்மைதான் லிதுவேனியாவைக் காப்பாற்றியது என்பது என் கட்சி. மிண்டாகஸின் சாசனங்களில் எந்த ஊர், எந்த நிலம் என்று பெயர் இருந்தது. இதில் அளவும் இல்லை, எல்லையும் இல்லை.

இதற்கும் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1147-இல் எல்பே ஆற்றுக்கு அப்பாலிருந்த ஸ்லாவியர்மேல் புனிதப் போர் அறிவித்தபோது, அவர்களுடைய சமயமோ அவர்கள் இனமோ அழியும்வரை சமாதானம் கூடாது என்று துறவி பெர்நார்ட் எழுதினார். ஸ்டெட்டின் நகரத்தைச் சூழ்ந்தபோது உள்ளேயிருந்தவர்கள் மதில்மேல் சிலுவைகளைத் தொங்கவிட்டார்கள். அவர்கள் எப்போதோ போலந்து ஆதரவில் பாம்பெர்க் பிஷப் ஓட்டோவின் கையால் கிறித்தவர்கள் ஆகியிருந்தார்கள்! அந்தப் பகுதியில் பழைய சமயத்துக்காகப் போராடிய நிக்லோட் கொல்லப்பட்டார். அவர் மகன் பிரிபிஸ்லாவ் ஞானஸ்நானம் வாங்கி 1167-இல் நிலத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். அந்த வம்சம் மெக்லென்புர்கை 1918 வரை ஆண்டது. ஆனால் குடியேற்றம் அங்கும் வந்தது, ஸ்லாவிய மொழி அங்கும் கரைந்தது. வம்சம் பிழைப்பதும் ஜனம் பிழைப்பதும் வேறு வேறு கணக்கு.

யோகைலாவுக்கு இரண்டும் ஓரளவு கிடைத்தன. 1386 பிப்ரவரி 15 அன்று க்ராகோவில் விளாதிஸ்லாவ் என்ற பெயரில் முழுக்கு, 18-இல் கல்யாணம், மார்ச் 4-இல் மகுடம். சபையின் பெருந்தலைவரை ஞானத்தந்தையாக வரும்படி அழைத்ததில் ஒரு நையாண்டி இருக்கிறது. அவர் வரவில்லை, அந்தச் சமயம் பார்த்து லிதுவேனியாமேல் படைதான் அனுப்பினார். 1387-இல் யோகைலாவே வில்னியஸ் வந்து நெருப்பை அணைக்கவைத்தார், புனிதத் தோப்புகளை வெட்டவைத்தார். கூட்டங்கூட்டமாக ஆற்றுத் தண்ணீர் தெளித்து, ஒரு கூட்டத்துக்கு ஒரே பெயரை வைத்து, ஆளுக்கொரு கம்பளிச் சட்டை கொடுத்ததாகப் பின்னாளில் போலந்து வரலாற்றாசிரியர் த்லூகோஷ் எழுதுகிறார். பாதிரியார்களுக்கு லிதுவேனிய மொழி தெரியாததால் ஜெபங்களை அரசரே மொழிபெயர்த்துச் சொன்னாராம். நிலம் பிரபுக்களிடமே இருந்தது. கத்தோலிக்கரான பிரபுக்களுக்குச் சொத்துரிமை எழுத்திலேயே கிடைத்தது. குடியானவர் கூட்டம் குடியேறவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொத்துரிமை கீழைத் திருச்சபைப் பிரபுக்களுக்கு இல்லை. அதைச் சரிசெய்ய 1430-கள் வரை ஆனது. படையெடுப்பும் உடனே நிற்கவில்லை. முழுக்கு பொய் என்று சபை சாதித்தது. 1390-இல்கூட வில்னியஸை முற்றுகையிட வந்தவர்களில் பின்னாளில் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றியான பிரபு ஒருவர். 1410 ஜூலை 15 அன்று க்ரூன்வால்டில் யோகைலாவும் வீதௌதாஸும் சேர்ந்து முறித்த பிறகே சபையின் முதுகு வளைந்தது. அப்புறம் யாத்விகா. இந்த ஒப்பீடு எதையும் யாரும் அவள் முன் வைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் நான்கு கேள்விகளில் மூன்றுக்குப் பரவாயில்லை என்ற பதில் தந்த ஒரே வழி இதுதான். தண்ணீர் ஊற்றிய கைக்கு நிலத்தைவிடக் கூட்டாளி தேவைப்பட்டான் என்பதுதான் வித்தியாசம்.

மறந்துவிட்டது ஜெமைத்தியாவை. மிண்டாகஸ், யோகைலா, வீதௌதாஸ் என்று ஒவ்வொருவரும் சபைக்கு எழுதிக் கொடுத்த அந்த நாடு 1413 வரை பழைய சமயத்திலேயே இருந்தது. 1415 கடைசியில் ஜெமைத்தியர் தூதுக்குழு ஒன்று, சுமார் அறுபது பேர், கோன்ஸ்டான்ஸில் கூடியிருந்த திருச்சபைப் பொதுச்சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சபை எங்கள் ஆத்துமாவைத் தேடி வரவில்லை, நிலத்தையும் பிள்ளைகளையும்தான் எடுத்தது என்று புகார் படித்தார்கள். கிறித்தவர் ஆக மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. சபையின் கையால் வேண்டாம் என்றார்கள். சங்கம் அந்த வேலையை ல்வீவ் பேராயரிடமும் வில்னியஸ் பிஷப்பிடமும் ஒப்படைத்தது. 1417-இல் ஜெமைத்தியாவுக்குத் தனி பிஷப் வந்தார்.